மதிலுக்கு மேலால் வந்த மெத்தைகள்

ஓடிக்கொலோன் வாசனை. பஸ்ஸின் முதற்படியில் கால் வைத்ததுமே வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் தோடம்பழத் தோல், அதற்கும் பின்னால் குளுக்கோஸ் மா. நாற்பது வருடத்துக்கு முந்தைய என் பள்ளிக்கூட மைதானம் எழுந்து வந்துவிட்டது: பிரதம அதிதி இரண்டு மணிநேரம் பிந்தி வருவார், நாங்கள் வெயிலில் அணிவகுத்து நிற்போம், வரிசையில் மூன்றாவது பிள்ளை சரிவாள், பிறகு ஏழாவது பிள்ளை. தூக்கிக்கொண்டு போய் நெற்றியில் ஓடிக்கொலோன் தடவுவார்கள். வரிசையை நிழலுக்கு மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அடுத்த வருடம் போத்தலைத்தான் பெரிதாக வாங்கினார்கள்.

சனிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது, மருதமுனை. கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பதினான்கு பெண் பிள்ளைகள், பச்சை நிற நீள்காற்சட்டை, முழுக்கைச் சட்டை, பச்சை முக்காடு. முக்காட்டில் ஓர் ஊசி கிடையாது. காதுக்குப் பின்னால் இலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். மேலிருந்து விழுகிறவளின் ஊசி பிடிக்கிறவளின் கண்ணில் ஏறக்கூடாது என்பது ரிஸானா டீச்சரின் முதலாவது சட்டம்.

ரிஸானா உடற்கல்வி ஆசிரியை. ஆசிரியர் கலாசாலையில் எனக்கு இரண்டு வருடம் இளையவர், இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் அழைப்பார். மூன்று வருடமாக ஒரு சியர்லீடிங் அணியை வளர்த்து வருகிறார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டரை நிமிடம். கைதட்டு, கோஷம், குட்டிக்கரணம், தோளுக்கு மேல் தோளாக ஏறி நிற்கும் கோபுரம், கடைசியில் நான்கு பேர் சேர்ந்து ஒருத்தியை ஆகாயத்துக்கு எறிந்து மீண்டும் பிடிப்பது. பாலமுனையில் ஆறு அணிகளின் போட்டி, பெண்களுக்கு மட்டும். "வந்து பாத்துட்டு எழுதுங்க" என்று அழைத்தார். கொழும்பில் இருந்து மட்டக்களப்புக்கு ரயில், அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர் பஸ், கட்டணம் நூற்றியறுபது ரூபா. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கூப்பிடும் குரல் ஒன்று கிடைத்தால் போதும்.

ஆறு பத்துக்குப் பதினைந்தாவது பிள்ளையின் வீட்டு வாசல். ஹஸ்னா, வயது பதினான்கு, கோபுரத்தின் உச்சிக்கும் ஆகாயத்துக்கும் போகிறவள் இவள்தான். மெலிந்த உடம்பு, பெரிய வாய். அவளுடைய உம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் மூத்த மகள். இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில், சீமெந்துத் தரையில் நடந்த போட்டி ஒன்றில் இன்னோர் ஆசிரியையின் அணியில் ஏறி விழுந்து மணிக்கட்டு நொறுங்கியவள் அவள். உள்ளே தகடு வைத்தார்கள். இன்னமும் அவளுக்கு ஈரத் துணி பிழிய ஏலாது.

"டீச்சர், நான் கையொப்பம் வெச்சது உங்கட முகத்துக்கு," என்றார் உம்மா. "கொண்டு போற மாதிரியே கொண்டுவந்து தரணும்."

"ஓம் ராத்தா. தருவன்."

"ஒரு எலும்பு நோகட்டும், இதோட சரி."

"இதோட சரி," என்றார் டீச்சர்.

பஸ் நகர்ந்த பிறகு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அவ ஒருத்தர் இல்ல அக்கா. அவ கையொப்பம் வெக்காட்டி மத்த உம்மாமாரும் வெக்கமாட்டாங்க. இந்த ஒழுங்கை அவட முகத்தப் பாத்துத்தான் நடக்கிற. பொறகு நானும் விசிலும்தான் மிச்சம்."

பாண்டிருப்பில் பதினாறாவது பிள்ளை மிதுஷாவோடு அவளுடைய அம்மா சரோஜா அக்கா ஏறினார். மகள் அணியின் அடித்தூண், ஹஸ்னாவைத் தோளில் தாங்குகிறவள். மீன்பிடிக் குடும்பம், அம்மா வலை பொத்துவதில் கை தேர்ந்தவர். ஒரு கூடை நிறைய அவித்த கடலை. "முன்னுக்கு இருக்கிற புள்ளையள், பின்னுக்குக் குடுங்க! பின்னுக்கு இருக்கிறவள், முழுங்காம முன்னுக்கு அனுப்பு!" என்று கத்தியபடியே வந்தார்.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். காலையிலேயே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வயலைக் கடந்து வரும் சூடான மேல்காற்று. கண்ணுக்குள் வைக்கோல் வாசம் வைத்துவிட்டுப் போகும். சின்னப்போக அறுவடை முடிந்த நேரம். வீதியோரம் நெடுகப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கடல் நீலம், மற்றப் பக்கம் அரிதாள் மஞ்சள், நடுவில் நெல்லின் பொன், அதற்கு நடுவில் பதினாறு தொண்டைகள் கோஷம் போட்டுக்கொண்டு போகும் ஒரு பழைய பஸ். நான் ஜன்னலால் தலையை நீட்டிக்கொண்டே வந்தேன். சாரதி காசிம் நானா கண்ணாடியில் பார்த்து, "தலைய உள்ளுக்கு எடுங்க மிஸ். ரோட்டுல பாதி நெல்லுக்கு, பாதி எனக்கு. உங்கட தலைக்கு இடமில்ல" என்றார்.

இருபத்திரண்டு கிலோமீற்றர் போக ஐம்பது நிமிடம்.

ஏழு ஐந்து, பாலமுனை. போட்டி நடக்கும் இடம் ஒரு கலியாண மண்டபம். வாசலில் பூ வளைவு. இரண்டு சிறுமிகள் பன்னீர் தெளித்தார்கள். ஈச்சம்பழம், சர்பத். எங்கள் கைத்தொலைபேசிகளை வாங்கி, இலக்கத் துண்டு தந்து, ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பூட்டினார்கள். உள்ளே ஒருவரும் படம் எடுக்கக்கூடாது. ஆண்கள் எல்லோரும் மதிலுக்கு வெளியே. தகப்பன்மாருக்கு மகள் விளையாடுவது கேட்க வேண்டுமே என்று ஒலிபெருக்கி ஒன்றை மதிலின் மேல் வெளிப்பக்கம் பார்த்துக் கட்டி, உள்ளே ஓர் இளம் பெண்ணை வர்ணனைக்கு வைத்திருந்தார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

ஏற்பாட்டுக் குழுவின் தலைவி தாஹிரா ராத்தா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க மகள்! முதல்ல சாப்பிடுங்க, மத்ததெல்லாம் பொறகு. இருபது சஹன் புரியாணி ஆக்கி வெச்சிரிக்கம்."

மண்டபம் முழுக்கச் சிவப்புக் கம்பளம். கதிரைகளுக்குச் சட்டையும் நாடாவும். எல்லோரும் கம்பளத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். ரிஸானா மட்டும் மேலே பார்த்தார். கூரையில் பன்னிரண்டு மின்விசிறிகள், நடுவில் ஒரு கண்ணாடிக் கொத்து விளக்கு. மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மிதுஷாவின் தோளில் ஹஸ்னா நின்று கையைத் தூக்கினால் விசிறித் தகட்டுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சாண்.

"ராத்தா, விழுந்தா தாங்கிற விரிப்பு எங்க?"

"இதுதானே மகள்! கொழும்பில இருந்து எடுப்பிச்ச. எவ்வளவு மெதுவா இரிக்கி, தடவிப் பாருங்க."

ரிஸானா தடவவில்லை. முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். கம்பளத்துக்குள்ளால் சீமெந்து பதில் சொன்னது.

நடுவர் கண்டிப் பக்கத்தில் இருந்து வந்திருந்த இளம் பெண். கையில் அளவு நாடா. மண்டபத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தார். "மன்னிச்சிக்கங்க. இந்த இடத்துல போட்டி நடத்த நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. முதலுதவிக்கு யாரு இருக்காங்க?"

தாதி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். அவரை சர்பத் ஊற்ற விட்டிருந்தார்கள். கையில் அகப்பையோடு எட்டிப் பார்த்தார்.

தாஹிரா ராத்தாவின் கண் நிறைந்துவிட்டது. "ஆறு மாசம் பாடுபட்டமே மகள். ஒண்டும் குறை வெக்கலியே?"

அது உண்மை. ஒரு குறையும் இல்லை. பன்னீர் உண்டு, பூ உண்டு, சாப்பாடு உண்டு, பொம்பளைகளுக்குத் தனி வாசல் உண்டு. அவர்களுக்கு நடத்தத் தெரிந்த பெரிய காரியம் எதுவோ அதை நடத்தியிருந்தார்கள். சரோஜா அக்காதான் அதைப் போட்டுடைத்தார்: "எல்லாம் கிடக்கு புள்ள. மாப்பிள்ளதான் இன்னும் வந்து சேரல்ல."

பிறகு சிரிப்பு எங்கிருந்தோ புறப்பட்டு அகப்பை பிடித்த தாதி வரைக்கும் போனது. தாஹிரா ராத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"பொறுங்க. கலியாணத்துக்கு நூறு சனம் வந்து தங்குது. அவங்கள நாம எதில படுக்க வெக்கிற?"

அந்தக் கரையில் வழக்கம் அதுதான். கலியாண வீட்டுக்கு வெளியூர் விருந்தினர் வந்தால் தெரு முழுக்க மெத்தை திரட்டுவார்கள். எந்த வீட்டில் எத்தனை, எது பஞ்சு, எது ஸ்பொஞ்ச் என்று தாஹிரா ராத்தாவுக்கு மனப்பாடம். திருப்பிக் கொடுக்கையில் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு மெத்தையின் மூலையிலும் வீட்டுக்காரியின் பெயர் நூலால் தைத்திருக்கும்.

எட்டு நாற்பது. மண்டபத்தின் பின்முற்றத்துக்கு எல்லோரும் இடம் மாறினோம். கலியாணச் சமையல் நடக்கும் திறந்த வெளி, கல் பதித்த தரை, மேலே ஆகாயம் மட்டும். வர்ணனைப் பிள்ளையின் கையில் இருந்த மைக்கைத் தாஹிரா ராத்தா பறித்தார்.

"வெளியில நிக்கிற ஆம்பிளையள் கேளுங்க! ஓட்டோ வெச்சிரிக்கிறவங்க ஓட்டோவ எடுங்க, மற்றவங்க நடங்க! மெத்தை வேணும்! ஒஸன் நானா, உங்கட வீட்டுல நாலு இரிக்கி, ரெண்டு எண்டு பொய் சொல்லாதீங்க!"

மதிலுக்கு அப்பால் காசிம் நானாவின் குரல்: "என்ன ராத்தா, போட்டிக்கு வந்தவங்க படுத்துட்டாங்களா?"

"நீங்க பஸ்ஸ எடுங்க, கதைக்காம!"

பிறகு நான் கண்டதை எந்த ஊருக்குப் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். உள்ளே ஆண்கள் வரக்கூடாது. வெளியே பெண்கள் போய்ச் சுமக்கவும் நேரமில்லை. ஆகவே ஏழடி மதிலுக்கு மேலால் மெத்தைகள் வந்தன. முதலில் ஒரு பூப்போட்ட மூலை எட்டிப் பார்க்கும். கொஞ்சம் யோசிக்கும். பிறகு முழு உடம்பையும் சாய்த்து இந்தப் பக்கம் விழும். நாங்கள் கைகளை உயர்த்தி வாங்கினோம். நீலம், ரோஸ், கோடு போட்டது, தேத்தண்ணீர்க் கறை பட்டது. "பௌசியா!" என்று மூலையைப் படித்துக் கத்துவாள் ஒரு பிள்ளை. "கறை ஆருட?" என்று இன்னொருத்தி கேட்பாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புதிய ஒன்று வந்தபோது தாஹிரா ராத்தாவே தயங்கினார். அடுத்த மாதம் கலியாணமாகும் அவருடைய மகளின் மெத்தை.

"போடுங்க உம்மா," என்றாள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அந்த மணப்பெண். "மாப்பிள்ளைக்கு முந்தி நூறு பேர் பாஞ்சா உறுதியா இல்லியா எண்டு தெரியும்தானே."

நாற்பத்து மூன்று மெத்தைகள், இரண்டு அடுக்காக. நடுவர் ஏறி நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இடைவெளிக்குள்ள கால் போச்சுன்னா கணுக்கால் திரும்பிடும்ங்க."

சரோஜா அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ரெண்டு பெரிய படங்கும் கயிறும் எடுத்துத் தாங்க. மறுகா என்னோட கதைக்காதீங்க." வீதியில் காய்ந்த நெல்லை ஒதுக்கிவிட்டு யாரோ இரண்டு படங்குகளை உருவி மதிலுக்கு மேலால் எறிந்தார்கள். அந்தத் தடித்த விரிப்பை மெத்தைகளின் மேல் இழுத்து, விளிம்பைச் சுற்றி, வலைக்கு ஈயம் கட்டும் முடிச்சுப் போட்டு, அடியால் கயிறு ஓட்டி, எட்டுப் பெண்களைக் கொண்டு இழுக்க வைத்தார். "இழு! கணவாயா இழுக்கிறாய், சுறாவ இழுக்கிற மாதிரி இழு!" படங்கு மேளத்தோல் மாதிரி விறைத்தது. சுத்தமாகக் கூட்டியும் நெல் சுணை போகவில்லை. அன்று முழுக்க எல்லோரும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தோம்.

ரிஸானா டீச்சர் முதலில் குதித்தார். கனத்த உடம்பு. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை முதுகால் விழுந்து அப்படியே கிடந்து ஆகாயத்தைப் பார்த்தார். முற்றம் கைதட்டியது. எழுந்து வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"விழலாம் அக்கா. நல்லா விழலாம். ஆனா நிக்க ஏலாது. அடியில நிக்கிறவள்ற கால் புதையுது."

நடுவரும் அதையே சொன்னார். மூன்றடுக்குக் கோபுரத்தைத் தடுத்தார். எறிந்து பிடிப்பதைத் தடுக்க விதியில் தனக்கு இடமில்லை, அதை அந்தந்த அணியின் பயிற்சியாளர் தீர்மானிக்க வேண்டும், எறியாத அணிக்குப் புள்ளி குறையும் என்றார்.

அதற்குள் புரியாணிச் சஹன்கள் வரிசையாக வெளியே வந்தன. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுகள், மூடியைத் திறந்தால் ஏலக்காயும் நெய்யும். ஓர் அணி ஏற்கனவே பாதித் தட்டை முடித்துவிட்டது. ரிஸானா ஓடிப்போய் மறித்தார்.

"வெறும் வயித்தோட புள்ளைய மேல ஏத்திறதா?" தாஹிரா ராத்தாவுக்குக் கோபம்.

"வயிறு நிறைஞ்சா கீழ நிக்கிறவளுக்குத்தான் பாரம், ராத்தா. முடியட்டும். ஒரு பருக்கை மிஞ்சாது, நான் பொறுப்பு."

பாதித் தட்டு முடித்த அணியைக் கடைசிக்குத் தள்ளினார்கள். தாதியின் கையில் இருந்த அகப்பையை நானே வாங்கிக்கொண்டு அவரை மெத்தை ஓரத்தில் கதிரை போட்டு அமர்த்தினேன்.

பதினொரு மணி. மதிய லுஹர்த் தொழுகைக்கு முன் முடிக்க வேண்டும். ரிஸானா தன் பிள்ளைகளை மதிலோரம் வட்டமாக இருத்தினார். "இண்டைக்கு எறியிறதில்ல. ஹஸ்னா தோளோட நிப்பாள்."

ஹஸ்னா எழுந்தே விட்டாள். "டீச்சர்! ஒரு வருஷமா அதுக்குத்தானே!"

"ஓம்."

"அப்ப நாம தோப்பம்!"

"தோப்பம்."

இரண்டாவதாக ஏறிய அணி எறிந்தது. அந்தப் பிள்ளை கச்சான் காற்றுக்குள் ஒரு பறவையாகப் போய் வந்து, பிடித்த கைகளுக்குள் சரியாக விழுந்தாள். முற்றம் அதிர்ந்தது. வர்ணனைப் பிள்ளைக்கு மூச்சே இல்லை. "மேல! மேல போறா! அல்லாஹ்வே, கீழ வந்துட்டா!" மதிலுக்கு வெளியே தகப்பன்மாரின் ஆரவாரம். ஹஸ்னா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பார்த்த பார்வை மாறவில்லை. எனக்கே மனம் ஆடிப்போனது. ஏன் ஒருமுறை விட்டுப் பார்க்கக்கூடாது என்று வாய் வரை வந்துவிட்டது. நல்ல காலம், கேட்கவில்லை.

எங்கள் அணி நான்காவது. பச்சை பச்சையாக ஓடி ஏறினார்கள். கைதட்டு துல்லியம், குட்டிக்கரணம் துல்லியம், கோஷத்தில் மதிலே விலகி நிற்கும். ஹஸ்னா மிதுஷாவின் தொடையில் கால் வைத்து, தோளில் கால் வைத்து, எழுந்து, இரண்டு கைகளையும் விரித்தாள். அப்போது மிதுஷாவின் வலது குதிகால் பௌசியாவின் மெத்தையில் மெல்ல அமிழ்ந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியது. உச்சியில் அந்தச் சரிவு பெரிதாகும். ஹஸ்னா காற்றில் கையால் எதையோ தேடினாள், பிறகு பக்கவாட்டாக வந்தாள்.

வர்ணனை நின்றது. வெளியே ஆண்களின் சத்தமும் நின்றது.

கீழே மிதுஷா தன் தோளில் இருந்து போனவளைத் தானே திரும்பி வாங்கினாள். சுற்றி நின்ற ஸைனப், ரிப்கா, நுஹா மூவரும் அவளுக்கு முன்னமே கை நீட்டியிருந்தார்கள். நான்கு பேரும் ஐந்தாவதைக் கட்டிப் பிடித்தபடி படங்கில் உருண்டார்கள். தாதி கதிரையை விட்டு எழுந்தார். ரிஸானா அசையவில்லை, அவர் விரல்கள் என் முழங்கையில் பதிந்து கிடந்தன.

பச்சைக் குவியலுக்குள் இருந்து ஒரு தலை வெளியே வந்தது. பெரிய வாய் திறந்தது. விட்ட இடத்தில் இருந்து கோஷத்தைத் தொடங்கினாள் ஹஸ்னா.

"எழும்பிட்டா!" ஒலிபெருக்கி கிழிந்தது. "ஐஞ்சு பேரும் எழும்பிட்டாங்க! சிரிக்கிறாங்க!"

மதிலுக்கு அப்பால் இருந்து எழுந்த சத்தம் அந்த நாளின் மிகப் பெரிய சத்தம். அதற்குள் காசிம் நானாவின் குரலை நான் தனியாகக் கேட்டேன்: "அடி சக்கை எண்டானாம்!" அதற்கு என்ன அர்த்தமென்று இன்னும் தெரியாது.

ஆறு அணிகளில் நான்காம் இடம். ஹஸ்னா படங்கின் ஓரத்தில் குந்தி, மிதுஷாவின் குதிகால் புதைந்த இடத்தைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். டீச்சரிடம் வந்து, "எறிஞ்சிருந்தா எங்க போயிருப்பன்?" என்றாள். டீச்சர் பதிலாக அவளுடைய கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு நெல்லை எடுத்துவிட்டார்.

தொழுகை முடிந்து பன்னிரண்டு ஐம்பதுக்குச் சஹன்கள் திறந்தன. தோற்றவர்கள் அதிகம் தின்றார்கள். சரோஜா அக்காவுக்கும் மிதுஷாவுக்கும் கோழி தனியாக வந்தது. தாஹிரா ராத்தா தட்டுக்குத் தட்டு வந்து, அடுத்த வருடம் எத்தனை அங்குலத் தடிப்பில் விரிப்பு வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தன் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டார். நடுவர் எழுதச் சொன்ன பட்டியல் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. மெத்தைகள் மதிலுக்கு மேலால் திரும்பிப் போயின, ஒவ்வொன்றும் பெயர் சொல்லி.

பிற்பகல் நான்கு இருபது, மருதமுனை. "விழுந்த கதைய நானே உம்மாட்டச் சொல்றன்" என்று ரிஸானா பஸ்ஸிலேயே ஹஸ்னாவிடம் சொல்லியிருந்தார்.

கேற்றடியில் உம்மா மகளை வாங்கினார். முதலில் இரண்டு மணிக்கட்டு. பிறகு முழங்கை, கழுத்து. குனிந்து கணுக்கால். ரிஸானா தொண்டையைச் செருமினார். ஹஸ்னா முந்திக்கொண்டாள்.

"உம்மா, நான் விழுந்தன்."

உம்மாவின் கை அவளுடைய கணுக்காலிலேயே நின்றது. "எங்க?"

"மேல இருந்து. தோள்ல இருந்து."

"எதில விழுந்த எண்டு கேக்கிறன்."

"இவளுகள்ற கையில." பஸ் ஜன்னலைக் காட்டினாள். அங்கே நான்கு முகங்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. மிதுஷாவின் முகம் நடுவில், அழுவதற்கு ஆயத்தமாக. "மிதுஷா, ஸைனப், ரிப்கா, நுஹா. டீச்சர் எறிய விடல்ல. அதால தோத்தும் போன."

உம்மா எழுந்து நின்றார். மூத்த மகள் வாசலில் சாய்ந்து, தகடு வைத்த கையை மற்றக் கையால் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அண்டைக்கு ஒருத்தியும் கை நீட்டல்ல உம்மா," என்றாள் மெதுவாக. "நீட்டணும் எண்டு ஆரும் எங்களுக்குப் பழக்கவும் இல்ல."

காசிம் நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். உம்மா ஒழுங்கையைக் கடந்து பஸ்ஸுக்குக் கிட்ட வந்து, ஜன்னலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ரிஸானாவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை பயிற்சி முடிய இந்த நாலு புள்ளையளையும் இஞ்ச சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. மிதுஷாக்கு மாடு போடாம மீன் ஆக்கித் தாறன்."